என் பாதையில் கசிந்த உங்கள் குரல்

சம்பந்தியம்மாவுக்கு,

காதில் மாட்டிக் கேட்கும் கறுப்பு ஒயரை மிளகு டப்பாவுக்குள் போட்டு வைத்தது என் புத்திதான். எலி கடிக்காமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது அதை எடுத்துக் காதில் வைத்தால் முதலில் மிளகு நெடி ஏறி ஒரு தும்மல் வருகிறது. அதற்குப் பிறகுதான் குரல் வருகிறது. என் குரல். அதற்கு அடியில், நான் கூப்பிடாமலே, நீங்கள்.

இன்று காலையும் மிளகைப் பாயில் காயப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன், தும்மினேன், கேட்டேன். கேட்டுவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தால், எட்டாவது படித்த நீங்கள் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் அந்த ஐந்தாவதில் முதல் மாணவி நான்தான். உங்கள் எட்டாவதில் நீங்கள் எத்தனையாவது என்று நீங்கள் ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்தபோது எனக்கு உங்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. தேன்மொழி பிறந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. அவள் உங்கள் வீட்டில் வளர்ந்தாள். நீங்கள் ஆயா, நான் அம்மாயி. உங்களுக்கு வருடம் முழுக்க அவள். எனக்குப் பள்ளிக்கூட லீவு மட்டும். கொல்லிமலையில் புளியஞ்சோலைப் பக்கம் இறங்கும் சரிவில் உங்கள் ஊர், இந்தப் பக்கம் குண்டனி நாட்டில் நான். நடுவில் ஒரு மலைதான். அந்த ஒரு மலையைத் தாண்டி வரும்போது பிள்ளை உங்களையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவாள்.

"அம்மாயி, ரசத்துல ஆயா இன்னும் கொஞ்சம் புளி உடுவாங்க."

அடுத்த நாள் புளி விடுவேன்.

"ஆயா இவ்ளோ உட மாட்டாங்க."

அவளைத் திரும்ப அழைத்துப் போக நீங்கள் வருவீர்கள். வாசலிலேயே நின்று அவள் கன்னத்தைத் தடவிப் பார்ப்பீர்கள்.

"ஏனுங்க சம்பந்தி, புள்ள இங்க வந்தா எளச்சுப் போறாளே?"

"அங்க உக்கார வெச்சே சோறு போடறீங்களாட்டம் இருக்குதுங்க. இங்க காடு மேடெல்லாம் ஓடுறா, அதானுங்க."

நீங்கள் சிரிப்பீர்கள். உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வராது. அது ஒரு வித்தியாசம் நமக்குள். பஸ் ஏறும்போது அவள் உங்கள் மடியில் உட்காருவாள். ஜன்னல் வழியாக எனக்குக் கையாட்டுவாள், ஆனால் முதுகு உங்கள் மேல் சாய்ந்திருக்கும். நான் கையைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அந்தப் பிள்ளை படித்துப் படித்து பெங்களூருக்குப் போனது. என்ன வேலை என்று ஊரில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிய வேண்டாமா? ஒரு பொங்கலுக்கு வந்தபோது பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"போன்ல நாம பேசுறதெல்லாம் தூரத்துக்குப் போறப்ப வெளிச்சமாத்தான் போவுது அம்மாயி. தலமுடியாட்டம் கண்ணாடி இழை இருக்கும், அதுக்குள்ள ஓடும். பல இழைங்க வந்து கூடுற எடத்துல, எது எந்தப் பக்கம் போவணும்னு திருப்பி உடுறதுக்கு ஒரு சுவிட்சு இருக்கு. அதுலதான் என் வேலை."

"கரண்டு சுவிட்சாட்டமா?"

"அது போடும், நிறுத்தும். இது வழி மாத்தி உடும். அப்படி மாத்தறப்ப, ஒரு வழியில போற வெளிச்சம் துளி பக்கத்து வழியில கசிஞ்சிடும். அதான் எங்களுக்குத் தலைவலி."

"துளிதான, போனாப் போவுது."

"போவ உட முடியாது. வெளிச்சம் எரிஞ்சா உண்டு, அணைஞ்சா இல்ல. எல்லாச் சேதியும் அந்த ரெண்டுலதான் போவுது. இல்லன்னு இருட்டா இருக்கற எடத்துல பக்கத்து வெளிச்சம் வந்து உழுந்தா, அந்தக் கடைசில வாங்கறது அத உண்டுன்னு எடுத்துக்கும். சேதி தப்பாயிடும்."

எனக்குப் புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் இருந்தேன். அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆயா வயல்ல நண்டு வளை இருக்குமில்ல? நம்ம முறைத் தண்ணி வரப்புக்குள்ள பூந்து அடுத்த வயலுக்குப் போயிடுமில்ல? அதேதான். எங்க ஆபீசுல கூட நான் ஆயா வயல வெச்சுத்தான் சொல்லுவேன்."

ஆயா வயலாம். ஏன், எங்கள் வயலில் நண்டு இல்லையா? உங்கள் வயலில் இருக்கும் நண்டை விட இங்கே பெரிய நண்டு. உங்கள் மகனே வந்து பிடித்து வறுத்துத் தின்றிருக்கிறார். அத்தனை பெரிய ஊரில், படித்த மனிதர்கள் முன்னால், உங்கள் வரப்புதான் போய் நின்றது. அன்றைக்கு அவளுக்கு நான் சுட்ட பணியாரத்தில் உப்பு கொஞ்சம் கூடிப் போனது. வேண்டுமென்று போடவில்லை.

பிறகு அவள் படித்த கல்லூரியில், மலைக்குக் கீழே, ஒரு கண்காட்சிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். இந்தக் கசிவை எல்லோரும் காதால் கேட்கிற மாதிரி செய்து காட்டப் போவதாகச் சொன்னாள். நிஜமான சுவிட்சில் கசிந்தால் சேதியில் பிழைதான் வருமாம், குரல் கேட்காதாம். பார்க்க வருகிறவர்களுக்காகக் குரலை அப்படியே வெளிச்சத்தின் மேல் ஏற்றி அனுப்பப் போகிறாளாம். இரண்டு வழி, இரண்டு குரல். யார் குரல் என்று நான் கேட்பதற்குள் சொல்லிவிட்டாள்: ஒன்று நீங்கள், ஒன்று நான்.

என்னிடம் வந்தபோது அவள் போனில் சார்ஜ் இல்லை. என் போனிலேயே பதிவு செய்தாள். "என்னாச்சும் பேசு அம்மாயி" என்றாள். என்னாச்சும் பேச நான் என்ன, பஸ்ஸுக்கு நிற்கிறவளா? முகம் கழுவி, தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

"பேச்சுதான் அம்மாயி, படம் இல்ல."

"இருக்கட்டும் கண்ணு. சேல கட்டுனாத்தான் எனக்குப் பேச்சு வரும்."

பள்ளிக்கூடத்தில் மேடையில் பேசிய மாதிரியே பேசினேன். எல்லோருக்கும் வணக்கம். நிறுத்தம். நான் தேன்மொழியின் அம்மாயி. நிறுத்தம். எங்கள் கொல்லிமலையில் மிளகும் பலாவும் மரவள்ளியும் விளைகின்றன. நிறுத்தம். ஒவ்வொரு வரிக்கும் பிறகு கேட்கிறவர்களுக்கு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வாத்தியார் சொல்லிக் கொடுத்திருந்தார். என் பேத்தி படித்த படிப்பு இந்த மலையில் யாரும் படிக்காதது என்று முடித்தேன். குரல் துளியும் நடுங்கவில்லை.

உங்களை உங்கள் வீட்டில் அவள் போனிலேயே பதிவு செய்தாள். நீங்கள் சேலை மாற்றவில்லை என்று என் மகள் சொன்னாள். நடுவில் ஒரு கோழி வீட்டுக்குள் வந்துவிட்டது என்றும், நீங்கள் அதை விரட்டிக்கொண்டே பேசினீர்கள் என்றும் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதி தெரியுமா!

கண்காட்சிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நீங்கள் என் தோளில் வந்து விழுந்தீர்கள். மலையடியில், காரவள்ளியில் இறங்கியதும் வாந்தி எடுத்தீர்கள். நான் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். "பரவால்லீங்க, சம்பந்திக்கு வண்டி ஒத்துக்குது, எனக்குத்தான் ஒத்துக்கல" என்று நீங்கள் சொன்னதை நான் ரொம்ப நாள் நினைவு வைத்திருந்தேன். என்னால் முடிந்து உங்களால் முடியாத ஒன்றை நீங்களே ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

மேசை மேல் சின்னப் பெட்டி. மஞ்சள் நூல் மாதிரி இழைகள் ஒரு பக்கம் இரண்டு போகின்றன, அந்தப் பக்கம் இரண்டு வருகின்றன. முனையைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கக் கூடாது என்று தேன்மொழி எல்லோரையும் தள்ளி நிறுத்தினாள். உங்கள் வழியில் ஒரு காது ஒயர், என் வழியில் ஒன்று. உங்களுடையதில் பெரிய வரிசை. கேட்கிற பிள்ளைகளெல்லாம் சிரிக்கிறார்கள். கோழிக்குத்தான் அந்தச் சிரிப்பு என்று நினைத்தேன். என்னுடையதைக் கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உங்கள் பக்கத்தை நான் காதில் வைக்கவே இல்லை. உங்கள் பேச்சைக் கேட்க நான் எதற்கு வரிசையில் நிற்க வேண்டும்? என் பேச்சைத்தான் கேட்டேன். எல்லோருக்கும் வணக்கம் என்றேன். நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில், எங்கோ தூரத்தில், "ச்சூ... ச்சூ..." என்று நீங்கள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்!

"தேனு, என் பேச்சுல எதுக்கு உங்க ஆயாவ உட்ட?"

"நான் உடல அம்மாயி. அதான் கசிவு. அதக் காட்டத்தான இத்தன பாடு."

"அப்ப அந்தப் பக்கம் என் கொரலு கேக்குதா?"

அவள் தயங்கினாள். "ரொம்பக் கம்மி அம்மாயி. இந்த மூலையிலதான் கசிவு அதிகம்."

கசிவில் கூட உங்களுக்குத்தான் கூட. நம் மலையில் பக்கத்து வயல் தண்ணீர் நம் வயலில் வந்தால் என்ன செய்வோம்? நண்டு வளையைத் தேடிக்கொண்டு நிற்போமா? நேரே மேலே போய் அவர்கள் மடையை அடைத்துவிட்டு வருவோம். நானும் அதைத்தான் செய்தேன். பெட்டிக்குள் உங்கள் குரல் போகும் மஞ்சள் இழையைப் பிடித்துச் சடக்கென்று உருவினேன்.

என் காதில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். நான் மட்டும், தெளிவாக, மிளகும் பலாவும் மரவள்ளியும். அந்தப் பக்கம் வரிசையில் நின்ற பிள்ளைகள் "என்னாச்சு, என்னாச்சு" என்று சத்தம் போட்டார்கள். தேன்மொழி தலையில் கை வைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீங்கள் மட்டும் எல்லோரையும் பார்த்துச் சொன்னீர்கள்:

"ஒன்னுமில்லீங்க. எங்க சம்பந்தி என் மடைய அடச்சுட்டாங்க."

மறுபடியும் சிரிப்பு. மறுபடியும் உங்களுக்கு. ஒரு வாத்தியார் வந்து, கசிவு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நிரூபிக்க அதுவும் ஒரு வழிதான் என்றார். தேன்மொழி முனையைத் துணியால் துடைத்து மறுபடி சொருகினாள். போகும்போது, கசிவைப் பிறகு மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று என் வழியில் வந்ததை மட்டும் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்துக்கொண்டாள்.

போன மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வந்தீர்கள், ஆனால் நீங்களாக வரவில்லை. நான் வந்தபோது உங்களை வாசலில் கிடத்தியிருந்தார்கள். தேன்மொழி உங்கள் மேல் விழுந்து அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரத்திலும், அப்படிக் கிடந்த உங்களைப் பார்த்தும், நான் போகும் அன்றைக்கு இவள் இந்த அளவு அழுவாளா என்று ஒரு கணம் நினைத்தேன். நீங்கள் எழுந்து உட்கார்ந்து அதற்கும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

பெங்களூரில் பஸ்ஸில் அவளுடைய போன் களவு போய்விட்டது. அதில்தான் உங்கள் பதிவு இருந்தது. உங்கள் குரலின் வேறு பதிவு எங்கேயும் இல்லை. போட்டோ இருக்கிறது, கல்யாண வீடியோவில் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறீர்கள், ஆனால் அதில் நாதஸ்வரம்தான் கேட்கிறது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று: என் பேச்சுக்குள் கசிந்த நீங்கள்.

உங்கள் மகன் அந்தக் கலந்த பதிவு விஷயமாகத்தான், மிளகு பறிக்கும் சாக்கில், என் மகளையும் தேன்மொழியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்த பிறகு தேன்மொழி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மாயி, உன் போன்ல உன் பேச்சு இன்னும் இருக்குதில்ல? நான் அன்னைக்குப் பதிஞ்சது?"

"அத நான் அழிப்பனா?"

"அது சுத்தமா இருக்கு. அத வெச்சு, கலந்ததுல இருந்து உன் குரல மட்டும் கழிச்சிடலாம். மிச்சம் ஆயா."

மிச்சம் ஆயா. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

"என் பேச்சுல இருந்து என்னையவே எடுக்கறதா?"

"உன்னுது உன்கிட்டயே இருக்கும் அம்மாயி. கலந்ததும் இருக்கும். மூணாவதா ஒன்னு வரும், அவ்ளோதான்."

"பாக்கலாம்."

"அம்மா..." என்று என் மகள் இழுத்தாள். என் பெண், உங்களோடு இருந்து இருந்து அவளும் உங்கள் பக்கம். நான் போனை இடுப்பில் சொருகிக்கொண்டு மிளகைக் கிளறப் போய்விட்டேன். நல்ல சேலை கட்டி, வரி வரியாக மனதில் எழுதிப் பேசிய பேச்சு. கோழி விரட்டிய உங்களைக் கேட்க, அதைச் சக்கை மாதிரி பிழிந்து எறிய வேண்டுமா? கொடுக்கக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

மிளகைக் கிளறிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். பலா மரத்தடியில் உங்கள் மகன் தேன்மொழியின் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, விரலால் காதை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். சுருங்கும். சுருங்கியபடியே இருக்கும். திடீரென்று விரியும், கண் இரண்டும் ஓரிடத்தில் நிற்கும். பிறகு மறுபடி சுருங்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. நான் பேசும்போது சுருங்குகிறது. நான் நிறுத்தும்போது விரிகிறது. என் வீட்டு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, நான் எப்போது வாயை மூடுவேன் என்று ஒரு மனிதர் காத்துக்கொண்டிருக்கிறார்.

"அம்மா கொரலு மறந்துடுமாட்டம் இருக்குதுங்க அத்த" என்றார், நான் பக்கத்தில் போய் நின்றதும். "முகம் வருது. கொரல நெனச்சா வர மாட்டேங்குது."

நான் இடுப்பிலிருந்து போனை எடுத்தேன்.

"இந்தாங்க மாப்பிள. என்னைய எடுத்துப் போட்டுட்டு உங்கம்மாவக் கேளுங்க."

தேன்மொழிக்கு அது அத்தனை சுலபமாக இல்லை. இரண்டு பேச்சையும் ஒன்றன் மேல் ஒன்று துளி பிசகாமல் பொருத்த வேண்டுமாம். எண்ணெய்த் தலைக்குச் சீப்பு போடுவது மாதிரி முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காபி ஆறிப்போன பிறகு கூப்பிட்டாள். ஒயரைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்கு உள்ளே நீங்கள்:

"நான் என்னத்தப் பேச கண்ணு? ச்சூ... போ அந்தாண்ட. உங்க அம்மாயியக் கேளு, நல்லாப் பேசுவாங்க. ச்சூ! இந்தக் கோழியும் உங்க அம்மாயியும் ஒன்னு கண்ணு. நாலு பேரு கூடுனாப் போதும், நடுவுல வந்து நின்னுக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கல்லூரியில் அத்தனை பிள்ளைகளும் எதற்குச் சிரித்தார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற எனக்குத்தான் தெரியவில்லை.

"இத அன்னைக்கு பஸ் ஏறறதுக்கு முன்னாலயே கேட்டிருந்தன்னு வெய்யுங்க," என்றேன், "அந்த எலுமிச்சம்பழத்த நானே தின்னிருப்பேன்."

உங்கள் மகன் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்து வேறாக மாறியது. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும். உங்கள் திவசத்தன்று, படைத்து முடித்த பிறகு, அதை உங்கள் வீட்டில் வைத்து எல்லோருக்கும் கேட்கக் கொடுக்கப் போகிறார்களாம். நானும் வருவேன். கோழி என்று உங்கள் ஊர் முழுக்க என்னைப் பார்க்கும். நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் வருவேன்.

ஊருக்குக் கிளம்பும்போது தேன்மொழி கேட்டாள், என் போனில் எதை வைத்துவிட்டுப் போகட்டும் என்று. என்னுடைய சுத்தமான பேச்சா, ஆயா மட்டும் இருப்பதா?

கலந்தது என்றேன்.

"ஏன் அம்மாயி? அதுதான் தப்பான சேதி. அதச் சரி பண்ணத்தான் நான் சம்பளம் வாங்கறேன்."

"உன் ஆபீசுல நீ சரி பண்ணிக்க. எனக்கு அதுதான் வேணும்."

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உங்கள் மேல் இருக்கும் பாசத்தால் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. நினைத்தால் நினைக்கட்டும். உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் நான் மேலேயும் நீங்கள் கீழேயும் இருப்பது இந்த ஒன்றில்தான். இதை நான் எதற்கு விடுவேன்?

ஆனால் தினமும் கேட்டுக் கேட்டு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஊரில் யாரோடு பேசினாலும், ஒரு வரி சொல்லிவிட்டு இப்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே நிறுத்துகிறேன். எதிரில் இருப்பவர்கள், நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக் கொடுக்கிறார்கள். மறக்கவில்லை. அது நீங்கள் வரும் இடம்.

வாங்க சம்பந்தி. சொல்ல வேண்டியதைச் சட்டென்று சொல்லிவிட்டுப் போங்க. அடுத்த வரி என்னுடையது.